ஜன்னலுக்குத் தெரியும்படி ஒரு தூண்டில்

வாசற்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்று, எப்போது திரும்பி வருவேன் என்று வீட்டுக்குள் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் சரோஜம் வெளியே போவாள். யாரும் கேட்டதில்லை, அவளாகவே சொல்வாள். "கொழம்பு கொதிக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்பாள். "விளக்கு வெக்கறதுக்குள்ள" என்பாள். "மழை வந்து எத்தறதுக்கு முன்னால" என்பாள். அம்மா செத்துப்போய் வீட்டில் ஆளே இல்லாதிருந்த நாட்களிலும், கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பூட்டைப் பார்த்து, "இப்ப வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வீட்டு ஸ்ரீலட்சுமி அதைப் பார்த்துத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

கரமனை அக்ரகாரத்தில் ஆற்றுப் பக்கத்து வரிசையில் அவர்கள் வீடு. முன்னால் தெரு, பின்னால் ஆறு, நடுவே இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிய நீண்ட வீடு. வெளிச்சம் இரண்டு முனைகளில்தான் உண்டு. நடு அறையில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். அந்த நடு அறையில்தான் சரோஜத்தின் வயது கழிந்தது. அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அம்மா முட்டு வீங்கிப் படுக்கையில் விழுந்தாள். அண்ணா கல்யாணராமனுக்கு அப்போதுதான் மஸ்கட்டில் கணக்கு வேலை கிடைத்து டிக்கெட்டும் வந்திருந்தது. அவர் போகாமல் முடியாது. அம்மாவை யார் பார்ப்பது என்று பேச்சு வந்தபோது, "சரோஜம் இருக்காளே" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது. பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டியவள் பிறகு அதை எடுக்கவில்லை.

பெண் பார்க்க வந்தவர்கள் உண்டு. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க அவள் உள்ளே போய்விடுவாள். அம்மாவின் முனகலைக் கூடத்திலிருந்தே கேட்டவர்கள் திரும்பி வரவில்லை. அப்பா போனார். அம்மா நெடுங்காலம் கிடந்து, பிறகு போனாள். அண்ணாவும் மன்னியும் மஸ்கட்டில் இருந்தார்கள். வீட்டில் தனியாளான சரோஜம், கிள்ளிப்பாலத்தில் ஓர் அப்பளக் கம்பெனிக்கு மாவு உருட்டப் போனாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டே உருட்டுவார்கள். மாமியார் கதை, சீரியல் கதை, பஸ்ஸில் இடித்தவனைக் குத்திய கதை. சரோஜம் பேசமாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்பாள். சிரிப்பு வந்தால் மாவைப் பார்த்துச் சிரிப்பாள். ஊரில் தனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டதாக அவள் நினைக்கத் தொடங்கிய சமயத்தில் அண்ணா ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். திரும்பிய மறு வருஷமே குளியலறையில் சரிந்து விழுந்தார். இடது பக்கம் போய்விட்டது.

அன்று மன்னி கோயிலுக்குப் போயிருந்தாள், சரோஜம் அப்பளக் கம்பெனியில் இருந்தாள். ஈரத் தரையில் கிடந்து, கூப்பிட்டு, யாரும் வராமல், கூப்பிடுவதை நிறுத்திக் கிடந்தார் கல்யாணராமன். நாக்குத் தப்பியது, பேச்சு கொஞ்சம் இழுத்தாலும் தெளிவாக இருந்தது. ஆனால் அந்தத் தரையின் பயம் அவரை விட்டுப் போகவில்லை. பிறகு பூனாவில் மகளுக்குப் பிரசவம் என்று மன்னி போனாள். குழந்தையைப் பார்க்க ஆளில்லை என்று அங்கேயே தங்கிவிட்டாள். "சரோஜம் இருக்காளே, அந்த தைரியத்துலதான் நான் இங்க இருக்கேன்" என்று ஃபோனில் அழுதாள். அப்பளக் கம்பெனியில் சரோஜம் சொல்லிக்கொள்ளக்கூடப் போகவில்லை.

கல்யாணராமன் கெட்டவர் அல்ல. குரல் உயர்த்திப் பேசினதில்லை. தங்கை கண்ணில் படாவிட்டால் மட்டும், "சரோஜம்" என்பார்.

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்லை. இருக்கியான்னு பார்த்தேன்."

மாவரைக்கும்போது கேட்பார், துணி உலர்த்தும்போது கேட்பார். பால் வாங்கப் போனால், பால்காரன் பையை நீட்டுவதற்குள் ஃபோன் வரும். அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டுதான் குளியலறைக்குப் போவார். சிறுநீருக்குக் கட்டிலருகில் ஒரு பாத்திரம் வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வைக்கட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "நான் என்ன கைக்கொழந்தையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதனால் அவள் எங்கேயும் அதிக நேரம் போக முடியாது. போகவும் இல்லை.

துலாவர்ஷம், அதாவது ஐப்பசி மழை, ஓய்ந்த சமயம். கட்டிலுக்கடியில் ஒரு நீலப் பை இருப்பதாகவும், ஈரம் பிடித்திருக்கும், எடுத்துக் காற்றாட வைக்க வேண்டும் என்றும் அண்ணா சொன்னார். சரோஜம் ஜிப்பைத் திறந்தாள். பெருங்காயமும் கறிவேப்பிலையும் தவிர வேறு வாசனை அறியாத வீட்டில் மீன் நாற்றம் குப்பென்று எழுந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே மடக்குத் தூண்டில் கம்பு ஒன்றும், நரம்பு சுற்றிய உருளையும், ஒட்டி மூடிய சின்னச் சின்னப் பாக்கெட்டுகளும் இருந்தன. ஒவ்வொரு பாக்கெட்டிலும் ரப்பர் மீன்கள், எண்ணெயில் ஊறினாற்போல் வழுவழுப்பாக. சில விரல் நீளம், சில கை நீளம். வெள்ளி, ரோஸ், பாசிப்பச்சை. வால் மட்டும் மெல்லிய தண்டில் தட்டையாகத் தொங்கிற்று. தொட்டால் உயிருள்ளதுபோல் ஆடிற்று.

அண்ணா கொஞ்சம் வெட்கப்பட்டார். மஸ்கட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கடற்பாறைக்குப் போவாராம். கூட வந்த மலையாளிகள் மீனைத் தின்றார்கள். அவர் பிடித்துக் கொடுப்பதோடு சரி. "புழுவும் கொஞ்சும் முள்ளுல கோக்க எனக்கு ஆகாது. இது ரப்பராக்கும். இதுல உயிரில்லை" என்றார். கொஞ்சு என்றது இறாலை. இத்தனை வருஷம் ஊருக்கு வந்து போனவர் வீட்டில் ஒருத்தரிடமும் இதைச் சொன்னதில்லை.

"இதை நம்ம ஆத்துல போட்டா?" என்று கேட்டாள் சரோஜம்.

விழுந்ததற்குப் பிறகு அண்ணா முதல்முறையாகச் சிரித்தார். இதெல்லாம் கடலுக்கு உள்ளது என்றார். அலையில் இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க முள்ளின் தலையில் ஈயக்கட்டி வைத்திருக்கிறது. பெரிய வாய் மீனுக்காக நீளமாகச் செய்திருக்கிறது. எண்ணெயில் கடல் கணவாயின் வாசனை. ஆற்று மீன் இதைக் கண்டால் ஓடிவிடும் என்றார். ஆனால் அன்று முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் காப்பி குடித்ததும் பின்கட்டு ஜன்னலோரம் நாற்காலியைப் போடச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் கொல்லைக்குப் பின்னால் ஆற்றில் இறங்குகிற படிகள், ஊர்க்காரர்கள் கடவு என்று சொல்வது, நன்றாகத் தெரியும்.

"சும்மா ஒண்ணு வீசிப் பாரேன். நான் இங்கேர்ந்து பார்க்கறேன்."

மீனைப் பற்றி சரோஜத்துக்கு ஒரு நினைப்பும் இல்லை. கடவில் போய் நிற்கலாம் என்பது மட்டும் மனதில் பட்டது. காற்றுப் படும். யாரும் கூப்பிட மாட்டார்கள், ஏனென்றால் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பாள்.

முதல் நாட்களில் ஒன்றும் சரியாக வரவில்லை. ஈயத் தலை கல்போலப் போய்ச் சேற்றில் புதைந்தது. ஒரு நாள் பழைய லுங்கி ஒன்று வந்தது. இன்னொரு நாள் யாரோ திவசத்துக்கு விட்ட இலை. அடுத்த கடவில் ஹரிகுமார் என்று ஒருவர் தவளை கோத்து வரால் பிடித்துக்கொண்டிருப்பார். பஸ் கண்டக்டர், மதியத்தோடு டியூட்டி முடிந்துவிடும். அவள் கையிலிருந்த ரப்பர் மீனைப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தே சிரித்தார். "சேச்சி, இது கடலுக்குள்ள சாதனமல்லே? இவிடத்தெ வராலுக்குத் தவளை தன்னே வேணும். ரப்பர் தின்னான் அதுக்கு வட்டா?" என்றார். ரப்பர் தின்ன அதற்கென்ன பைத்தியமா என்று அர்த்தம். தவளை ஒன்று தரட்டுமா என்றும் கேட்டார். சரோஜம் தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றாள்.

ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹரிகுமாரின் தவளை தண்ணீருக்குள் போவதே இல்லை. கரையோரம் மெத்தைபோலப் பரந்து கிடக்கும் பாயல் என்கிற நீர்ப்பாசியின் மேல் தத்தித் தத்திப் போயிற்று. பாயல் முடிகிற விளிம்பில் விழும்போதுதான் வரால் கவ்வியது. ஆக, இரை கனமாக இருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து அப்பாவின் பழைய பாக்குவெட்டியைத் தேடி எடுத்தாள். ஈயம் பாக்கைவிட மிருதுவாகவே இருந்தது. சீவலாகச் சீவிப் பாதிக்கு மேல் எடுத்துவிட்டாள். கை நீள மீனைக் குறைக்க வேண்டும் என்றதும் அண்ணா பதறினார். வாலில் கத்தி வைக்காதே, வாலில்தான் மீனுடைய ஆட்டம் எல்லாம் இருக்கிறது என்றார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் தலையிலிருந்து நறுக்குகிறேன் என்றாள். அண்ணா நறுக்கிய துண்டைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாயலில் முள் மாட்டாமல் இருக்க, அதன் முனையை ரப்பரின் முதுகுக்குள்ளேயே லேசாக ஒளித்து வைக்கச் சொன்னதும் அவர்தான். மீன் கடித்தால் ரப்பர் அமுங்கி முள் தானே வெளியே வருமாம்.

தலை போன அந்த வெள்ளி மீனைப் பாயலின் மேல் போட்டு அவள் மெல்ல இழுத்தாள். விளிம்பு தாண்டித் தண்ணீரில் விழுந்து வால் இரண்டு தரம் ஆடியிருக்கும். தண்ணீர் வெடித்தாற்போல் ஒரு சத்தம். கம்பு வளைந்தது. சரோஜம் கம்பை மார்போடு கட்டிக்கொண்டு படியில் பின்னால் பின்னால் ஏறினாள், உருளையைச் சுற்ற வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. ஹரிகுமார் ஓடி வந்து நரம்பைப் பிடித்து இழுத்துப் போட்டார். முழங்கை நீள வரால், கறுப்பு முதுகும் பாம்புத் தலையுமாக. பின்கட்டு ஜன்னலிலிருந்து கம்பியை டங்கு டங்கென்று தட்டுகிற சத்தம் கேட்டது. இடுப்பில் ஃபோன் அடித்தது. "கண்டேன், கண்டேன்" என்றார் அண்ணா.

மீன் ஹரிகுமாருக்குப் போயிற்று. அதுதான் பிறகு வழக்கமும் ஆயிற்று. ரப்பர் தின்னும் வராலும் இருக்கிறது என்று அவர் பஸ்ஸில் டிரைவரிடம் சொல்லி, டிரைவர் நம்பவில்லையாம்.

இப்படியாக சரோஜத்துக்குத் தினம் ஒரு மணி நேரம் கிடைத்தது. மதியத் தூக்கம் கலைந்து அண்ணா காப்பி குடித்ததும் ஜன்னலோரம் உட்காருவார். அவள் கடவுக்கு இறங்குவாள். தெருவில் பேச்சு வராமலில்லை. ஒரு நாள் ஸ்ரீலட்சுமி மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன சரோஜம் மாமி, இன்னிக்கு வரால் மொளகூட்டலா?" என்று கேட்டாள். சரோஜத்துக்குக் காது சூடாகிவிட்டது. ஜன்னலுக்குள்ளிருந்து அண்ணாதான் பதில் சொன்னார்: "ஒனக்கும் ஒரு கிண்ணம் குடுத்தனுப்பச் சொல்றேன். மூடி போட்டு எடுத்துண்டு போ, மாமியார் பார்த்துடப் போறா." அதற்குப் பிறகு ஸ்ரீலட்சுமி மதில் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

நாள் போகப் போக சரோஜத்துக்கு இன்னொன்றும் தெரியவந்தது. கடவின் வடக்கே மதில் முடிந்து ஆறு லேசாக வளைகிறது. அங்கே ஓர் அத்திமரம் தண்ணீரின் மேல் சாய்ந்து கிடக்கிறது. அதன் நிழலில் பாயல் அடர்த்தி. வரால் நிச்சயம் அங்கே கிடக்கும். மீன் இருக்கட்டும், அங்கே நின்றால் வீடும் தெரியாது, தெருவின் முதுகும் தெரியாது. ஒரு தரம் போய்ப் பார்த்தாள். மதிலைத் தாண்டினதும் ஃபோன் அடித்தது. "எங்க போனே? காணலையே."

"இங்கதாண்ணா. ஒரு எட்டு வடக்கே."

"இந்தப் பக்கமே நில்லு. எடத்துப் பக்கமா போடு."

திரும்பி வந்தாள். இடது பக்கமாகப் போட்டாள். கடவும் அந்த வீட்டின் இன்னோர் அறைதான் என்று அன்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் மேலே கூரை இல்லாத அறை. அதையாவது விட்டுவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

மீன மாதம், பங்குனி, வந்தது. வெயில் கூரை ஓட்டைப் பிளந்தது. அப்பாவின் சிராத்தம் அந்த மாதம்தான். அண்ணா உட்கார்ந்தபடியே செய்வார். வாத்தியார் வருவார், பிராமணர்கள் இலையில் உட்காருவார்கள். மடியாகச் சமைக்க வேண்டும். வீட்டில் எங்கேயோ அந்தக் கணவாய் நாற்றம் இருக்கிறது என்ற நினைப்பே சரோஜத்தைத் தூங்கவிடவில்லை. முதல் நாள் காலையிலேயே நீலப் பையைக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்து, ரப்பர் மீன்களை வாளியில் கொட்டி, சீயக்காய்த்தூள் போட்டு ஊறவைத்தாள். பிறகு பாத்திர சோப்பு. பிறகு மஞ்சள் தண்ணீர். எண்ணெய் ஊறி நாறிய பாக்கெட்டுகளைக் குப்பையில் போட்டாள். துணி துவைக்கிற கல்லில் மீன்களை வரிசையாகப் பரப்பி உலர்த்தி, மூக்கருகில் வைத்துப் பார்த்தாள். வாசனை இல்லை. எல்லாவற்றையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி இறுக மூடி, வீட்டுக்குள் வேண்டாம் என்று கொல்லைத் தகரக் கூரைக்கடியில் பரணில் வைத்தாள். தூண்டில் கம்பைக் கிணற்றடி மூலையில் சாய்த்து வைத்தாள். அதன் முனையில் மாட்டியிருந்த ஒரே ஒரு மீனைக் கழற்ற நேரமில்லை. எல்லாம் சுத்தமாக முடிந்த திருப்தியில் குளித்துவிட்டு மறுநாளைக்கு மடிப்புடவையை உலர்த்திப் போட்டாள்.

சிராத்தம் குறையில்லாமல் நடந்தது. மறுநாள் மாலை அண்ணா ஜன்னலோரம் உட்கார்ந்து, இன்றைக்கு ரோஸ் மீனைப் போடு, தண்ணீர் தெளிந்திருக்கிறது என்றார். சரோஜம் பரணிலிருந்து டப்பாவை இறக்கினாள். கனம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே மீன்கள் இல்லை. வெள்ளியும் ரோஸும் பச்சையும் ஓடிக் கலந்த ஒரே கட்டி இருந்தது. அங்கங்கே ஒரு வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. டப்பாவின் அடிப்பாகம்கூட இளகி வளைந்திருந்தது.

அதை அப்படியே எடுத்துப்போய் அண்ணாவின் மடியில் வைத்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் ஒரு வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிசினாக நீண்டு விரலில் ஒட்டிக்கொண்டது.

"அலம்பினியா?"

"நாத்தம் போகணுமேன்னு."

"பாக்கெட்டெல்லாம்?"

"தூரப் போட்டுட்டேன்."

அண்ணா கட்டியை டப்பாவோடு திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஜாதி ரப்பர், தனித்தனிப் பாக்கெட்டில்தான் வைக்க வேண்டும், ஒன்றோடொன்று பட்டுச் சூடும் சேர்ந்தால் உருகிவிடும் என்று மெதுவாகச் சொன்னார். அதை முன்பே சொல்லியிருக்கலாம். தூண்டில் இரையை ஒருத்தி சீயக்காய் போட்டு அலம்புவாள் என்று அவர் எண்ணவில்லை. திட்டவில்லை. "சாரமில்லை, போனாப் போறது" என்றார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அந்த ஜன்னலைச் சாத்து. வெயில் முகத்துல அடிக்கறது."

ஜன்னல் மறுநாளும் திறக்கவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. காப்பி குடித்துவிட்டு அண்ணா நடு அறையிலேயே டி.வி. முன்னால் உட்கார்ந்தார். சரோஜமும் அங்கேயே உட்கார்ந்தாள். மத்தியானம் நீண்டு போயிற்று. கடையில் வேறு வாங்கலாமா என்று கேட்டதற்கு, கடையில் கிடைப்பது எதற்கு, அதெல்லாம் மஸ்கட் பாறையில் தன்கூட இருந்த சாதனம் என்றார். கிணற்றடியில் கம்பில் ஒரு மீன் மிச்சம் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய, பாயலில் அறுந்தால் அதுவும் போச்சு என்றார். எல்லாம் சாந்தமாகத்தான் சொன்னார். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கதவு மூடுவதுபோல் இருந்தது அவளுக்கு.

ஒரு மாலை அவள் எழுந்து நின்றாள். "நான் செத்த நேரம் கடவுக்குப் போயிட்டு வரேண்ணா."

"நான் பார்க்காம நீ அங்க எதுக்காக்கும் நிக்கணும்?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. ஆயுளில் யாரும் அவளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பதில் இருக்கிறது என்பதும் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு நிக்கணும்" என்றாள்.

அண்ணா டி.வி.யைப் பார்த்தார். அவரைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து உட்காரவைத்தாள். தண்ணீர்ச் செம்பைக் கையெட்டும் தூரத்தில் வைத்தாள். ஃபோனை மடியில் வைத்தாள். கிணற்றடியிலிருந்து கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கடவில் நிற்கவில்லை. மதிலைத் தாண்டி வடக்கே நடந்தாள், அத்திமரம் வரைக்கும். இரையை நிழலில் போட்டு இழுத்தாள், மறுபடி போட்டாள். வரால் எதுவும் வரவில்லை. வராததில் வருத்தமும் இல்லை. அக்கரையில் ஒருவன் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். பாலத்தில் பஸ்கள் போயின. இடுப்பில் ஃபோன் அடித்தது. சரோஜம் அதை எடுத்துப் பார்த்தாள், அண்ணா என்று எழுதியிருந்தது. அடித்து முடியும்வரை கையில் வைத்திருந்தாள். ஓய்ந்தது. மறுபடி அடித்து மறுபடி ஓய்ந்தது. அதற்குப் பிறகு வந்த அமைதி போன்ற ஒன்றை அவள் அதுவரை அறிந்ததில்லை. பயமும் கூடவே இருந்தது. ஆனாலும் அவள் உடனே கிளம்பவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அண்ணா அதே நாற்காலியில் இருந்தார். வேட்டி நனைந்திருந்தது. நாற்காலிக்கடியில் தேங்கி, தரைச் சரிவில் வாசல் பக்கமாக ஓடியிருந்தது. எழுந்து பார்த்திருக்கிறார், ஊன்றுகோல் தள்ளிப்போய்க் கிடந்தது. தரையைக் கண்டதும் மறுபடி உட்கார்ந்துவிட்டிருக்கிறார்.

"கூப்பிட்டேன்" என்றார்.

சரோஜம் வெந்நீர் வைத்தாள். அவரைத் துடைத்து, வேறு வேட்டி கட்டி, தரையை அலம்பினாள். அம்மாவுக்குச் செய்த கை, தானாகச் செய்தது. அவர் முகத்தை அவளும் பார்க்கவில்லை, அவள் முகத்தை அவரும் பார்க்கவில்லை.

"ஃபோன் கேக்கலையா அங்க?"

பொய் சொல்வது சுலபமாக இருந்தது. ஆற்றுச் சத்தம் என்று சொன்னால் போதும்.

"கேட்டுது" என்றாள். "எடுக்கலை."

அண்ணா வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நெடுநேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி கொல்லைக் கதவைத் திறக்கவே முடியாது என்றுதான் நினைத்தாள்.

"அந்த டாக்டர் சொன்ன பாத்திரம்," என்றார் கடைசியில், "அதை வாங்கிண்டு வா."

"சரிண்ணா."

"நீ போ. ஆனா ஃபோனைக் கட் பண்ணாதே. நான் கூப்பிடுவேன், எடுத்துட்டு அப்படியே வெச்சுக்கோ. பேச வேண்டாம். சத்தம் கேட்டாப் போறும்."

அவள் ஒத்துக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்? அவருக்கும் அந்தப் பாத்திரத்தை ஒத்துக்கொள்வது லேசாக இருந்திருக்காது.

இப்போது சரோஜம் மாலையில் அத்திமரத்தடியில் நிற்கிறாள். மீதியிருந்த அந்த ஒரு கடல் மீனை வரால்கள் கடித்துக் கடித்து வாலும் கொஞ்சம் உடம்புமாக ஆக்கிவிட்டன. இன்னும் அதில்தான் பிடிக்கிறாள். கிடைத்தால் ஹரிகுமாருக்குக் கொடுக்கிறாள். ஃபோன் ஒரு துணிப்பையில் கிளையில் தொங்குகிறது, அழைப்புத் துண்டிக்கப்படாமல். சில நாள் அதிலிருந்து அண்ணாவின் இருமல் கேட்கிறது, சில நாள் டி.வி. கேட்கிறது, சில நாள், "விழுந்துதா?" என்று ஒரு குரல். "இல்லண்ணா" என்கிறாள். மன்னி ஓணத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்; போன ஓணத்துக்கும் அப்படித்தான் சொன்னாள். பின்கட்டு ஜன்னல் சாத்தியே இருக்கிறது. ஒரு மணி நேரம் ஆனதும் அவள் கம்பை மடக்கி, கை கழுவி, வீட்டுக்குள் வந்து அண்ணாவின் பாத்திரத்தை எடுத்துக் கொட்டி அலம்பி வைக்கிறாள்.